கெர்டாவின் ஆள்காட்டி விரல்

கெர்டா வான்ஸீ இன்றைக்கு பதினெட்டுச் சக்கர பால் லாரி ஓட்டுகிறாள். பனிக்காலத்தில் மற்ற ஓட்டுநர்கள் போர்வைக்குள் கிடக்கும்போது இவள் மட்டும் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இருபது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் பதினாலரை வயதில் ஓட்டுநர் பயிற்சி வகுப்பில் தோற்க இருந்தாள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நான் அன்றைக்கு அதே காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவள். என் பெயர் வில்மா. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்தக் கதையில் கூட்டவே இடமில்லை, எல்லாம் நடந்ததுதான்.

எங்கள் ஐயோவா பக்கத்தில் பண்ணைப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். எட்டு வயதில் டிராக்டரில் ஏற்றிவிடுவார்கள். கெர்டா பத்து வயதிலேயே சோளம் நிரப்பிய இழுவண்டியைப் பின்பக்கமாகவே கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்துவாள். நானோ டவுன்காரி, அப்பாவுக்கு ஆணி, பெயின்ட் விற்கிற கடை. எனக்குத் தெரிந்த ஒரே வண்டி புல்வெட்டுகிற மெஷின்தான். அதையும் ஒரு தடவை ரோஜாச் செடிமேல் ஏற்றியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஜனவரியில், பதினாலு வயது முடிந்த கையோடு, நாங்கள் இரண்டு பேரும் பழகுநர் உரிமத்துக்காக மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். கணினித் திரையில் கேள்விகள் வரும். நான் கையேட்டை உருப்போட்டிருந்ததால் தேறிவிட்டேன். கெர்டா கோட்டைவிட்டாள். அவளைக் கவிழ்த்த கேள்வி இதுதான்: நாலு பக்கமும் நில் பலகை இருக்கிற சந்திப்பில் நாலு வண்டி வந்து நின்றால் என்ன செய்வது? முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பதுதான் சட்டம். கெர்டா தேர்ந்தெடுத்த விடை, மற்றவர்கள் கை காட்டும்வரை காத்திருப்பது.

"தப்பா அது?" என்று வெளியே வந்து என்னைக் கேட்டாள். "எங்கப்பா அப்படித்தானே செய்வாரு?"

மறுநாள் போய்த் தேறிவிட்டாள். ஆனால் வரப்போகிற வில்லங்கம் அன்றைக்கே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் அப்பா ஹார்லன் எங்கள் வட்டாரத்திலேயே பெரிய கைகாட்டி. எங்கள் ஊர்ச் சாலைகளில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி இறக்குவோம். அவ்வளவுதான் வணக்கம். தெரிந்தவரா தெரியாதவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஹார்லன் ஒரு படி மேலே போய், வேலியோரம் நிற்கிற மாட்டுக்கும் விரல் தூக்குவார். மூன்று வயதில் அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பழகிய கெர்டாவுக்கு, வண்டி ஓட்டுவதும் விரல் தூக்குவதும் ஒரே வேலை.

மார்ச் மாதம் ஹார்லன் பால் கறக்கிற கொட்டகையில் வலிப்பு வந்து விழுந்தார். டாக்டர், மறு உத்தரவு வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கெர்டாவின் அம்மா டெனீஸ் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர். பண்ணையிலிருந்து பள்ளிக்கூடம் பதினேழு மைல், பேருந்து அந்தப் பக்கம் போவதில்லை. வசந்த காலம் முழுக்க அக்கம்பக்கத்தார் முறைவைத்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். அறுவடை தொடங்கிவிட்டால் யாருக்கு ஏது நேரம்? அதனால் வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். பள்ளி திறப்பதற்குள் கெர்டா பள்ளி உரிமம் வாங்கிவிட வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் தனியாக ஓட்டிப்போக அது போதும். வாங்காவிட்டால் டெ மொய்ன் நகரத்தில் கொர்னீலியா அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும்.

கொர்னீலியா அத்தை வீட்டில் ஏழு பூனை. ஏழும் சாப்பாட்டு மேசையில்தான் தூங்கும். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கெர்டா சிரிக்கவில்லை.

"பூனை கெடக்கட்டும்டி," என்றாள். "சாயந்திரம் நாலு மணிக்கு நான் வீட்ல இருக்கணும். அம்மா அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவாங்க. அப்பா கொட்டகையில திரும்ப விழுந்தா யாரு பாக்கறது?"

அதற்குமேல் நான் பூனைப் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலையில் வகுப்பு தொடங்கியது. முப்பது மணி நேரம் பாடம், ஆறு மணி நேரம் ஓட்டுதல். பாடம் நடந்தது மரவேலை அறையில். விபத்துப் படங்களாகப் போட்டுக் காட்டினார்கள். அதுவரை சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் சிகாகோவிலிருந்து புதிதாக ஒருவர் வந்திருந்தார். மிஸ் கலின்ஸ்கி, இருபத்தாறு வயது, குள்ளம், நல்ல மாதிரி, சட்டம் என்றால் சட்டம். அவர் மடியில் எப்போதும் ஒரு அட்டையும் அதில் மதிப்பெண் தாளும் இருக்கும். காலடியில் அவருக்கென்று தனி பிரேக். காரின் கூரையில் 'மாணவர் ஓட்டுகிறார்' என்று மஞ்சள் பலகை.

முதல் நாள் கெர்டா ஓட்டினாள், நான் பின்னால். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, மிஸ் கலின்ஸ்கி பேனாவைத் திறந்தார்.

"விரல்," என்றார்.

"என்ன மிஸ்?"

"ஸ்டீயரிங்கிலேருந்து விரல எடுத்தே."

"இல்லையே மிஸ்."

"பத்து விரலும் அதுமேல இருக்கணும். தாள்ல அதுக்குன்னு தனிக் கட்டமே இருக்கு. பாரு, இப்பக்கூட எடுத்தே. யாரு அவரு?"

"தெரியாது மிஸ்."

"தெரியாதவருக்கு எதுக்குக் கை காட்டறே?"

"எதிர்ல வந்தாரே மிஸ்."

மிஸ் கலின்ஸ்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது, அதனால் தலையாட்டினேன். ஏழு மைலில் தாளில் பதினொரு தப்புக் கோடு விழுந்தது. அதில் ஒன்று மாட்டுக்கு.

பிறகு நாலு பக்கமும் நில் பலகை இருக்கிற சந்திப்பு வந்தது. எதிரே தபால்காரர் மெர்ல், இடப்பக்கம் பாதிரியார், வலப்பக்கம் ஒரு தீவன லாரி. மெர்ல் பாதிரியாருக்குக் கை காட்டினார், நீங்க போங்க என்று. பாதிரியார் லாரிக்குக் காட்டினார். லாரிக்காரர் கெர்டாவுக்குக் காட்டினார். கெர்டா மரியாதை தெரிந்த பெண், மெர்லுக்குக் காட்டினாள். இப்படியே இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் மெர்ல் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, கெர்டாவின் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தார்.

மிஸ் கலின்ஸ்கி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தபோது வேறு கூத்து. எதிரே வருகிற வண்டிகளுக்குக் குறுக்கே வெட்டி இடப்பக்கம் திரும்ப எனக்குப் பயம். அதனால் இடப்பக்கம் திரும்பச் சொன்ன இடத்திலெல்லாம் நேராகப் போய் வலப்பக்கமாக மூன்று தடவை திரும்பி அதே தெருவைப் பிடித்தேன். "போய்ச் சேர்ந்துட்டோம்ல மிஸ்?" என்றேன். என் தாளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

கடைசி நாள் ஓட்டத்தில் விரலுக்காக மூன்று கோடு விழுந்தால் தோல்வி, அடுத்த வகுப்பு அக்டோபரில்தான் என்று மிஸ் கலின்ஸ்கி தெளிவாகச் சொல்லிவிட்டார். கெர்டா அழவில்லை. வீட்டுக்குப் போய்த் துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிமுன் உட்கார்ந்து பழகினாள். அவள் குட்டித் தங்கை எதிரே ஓடி வருவாள், விரல் எழும்பிவிடும். நாற்பது தடவை ஓடி வந்தாளாம், நாற்பது தடவையும் எழும்பிவிட்டதாம்.

"அப்பாகிட்ட சொல்லிடாதே," என்றாள் என்னிடம். "அவரு சொல்லிக்குடுத்த பழக்கத்தாலதான் நான் தோக்கறேன்னு தெரிஞ்சா மனுஷன் தாங்க மாட்டாரு. ஏற்கெனவே நொந்துபோய்க் கெடக்காரு."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அப்பா கடையிலிருந்து கறுப்பு ஒயர் டேப் ஒரு சுருள் எடுத்துவந்தேன். ஓட்டப் போவதற்குமுன் அவளுடைய இரண்டு ஆள்காட்டி விரலையும் நடுவிரலோடு சேர்த்துச் சுற்றிவிட்டேன். அன்றைக்கு இருபது மைலுக்கு ஒரு கோடுகூட இல்லை. மிஸ் கலின்ஸ்கி டேப்பைப் பார்த்தார், கையேட்டைப் புரட்டினார், டேப் சுற்றக்கூடாது என்று எங்கேயும் இல்லாததால் சும்மா இருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் யோசனைக்குப் பரிசு தர வேண்டும் என்று ஐஸ்கிரீம் வேறு கேட்டு வாங்கித் தின்றேன்.

சாயந்திரம் ஆறு மணிக்கு வான்ஸீ வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஹார்லன் கையில் வேகவைத்த சோளக்கதிரோடு போய்த் திறந்தார். வாசலில் பக்கத்துப் பண்ணை திருமதி ஃபெல்ட்மன், கையில் துணி போட்டு மூடிய பெரிய கண்ணாடிப் பாத்திரம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அடுப்பில் சுட்ட காசரோல். எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள்.

திருமதி ஃபெல்ட்மன் ஹார்லனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"ஹார்லன்," என்றார். "நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேனே. ஏன், எங்கயாச்சும் போகணுமா?"

"இல்ல... உங்க பொண்ணு இன்னைக்கு எதிர்ல வந்தா. கை காட்டல. மூஞ்சி கல்லா இருந்துச்சு, ரெண்டு கையிலயும் கட்டு வேற. நாங்க நெனச்சோம்..."

அவர் முடிப்பதற்குள் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. அதில் கோழிக் காசரோல். வான்ஸீ குடும்பத்துப் பெண் விரல் தூக்கவில்லை என்றால் ஹார்லன் போய்விட்டார் என்றுதான் அர்த்தம் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. எட்டு மணிக்குள் ஒன்பது காசரோல், இரண்டு தட்டு ஜெல்லி, பன்றி இறைச்சி வைத்த ரொட்டி நாலு டஜன். பாதிரியார் கறுப்புக் கோட்டோடு வந்து, ஹார்லன் சோளம் தின்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து அவரும் ஒரு கதிர் தின்றார். கெர்டா அப்பாவிடம் விரல் கதவிடுக்கில் நசுங்கியது என்று புளுகினாள். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு அப்புறம் வயிற்றுவலியே வந்துவிட்டது.

ஹார்லனுக்குத் தெரியாமல் டெனீஸிடமும் பாதிரியாரிடமும் மட்டும் கெர்டா உண்மையைச் சொன்னாள். டேப் இனிமேல் கூடாது, ஊர் தாங்காது என்று முடிவாயிற்று. நல்லவேளையாக சனிக்கிழமை ஹார்லன் பரிசோதனைக்காக நகரத்து மருத்துவமனையில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மதியம்தான் வருவார். கெர்டாவின் கடைசி ஓட்டமும் அதே வெள்ளிக்கிழமை, காலையில்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் ஜெபம் முடிந்து ஓர் அறிவிப்புச் செய்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை காலையில ஒம்பதுலேருந்து பதினோரு மணி வரைக்கும் கூரையில மஞ்சப் பலகை வச்ச கார் வந்தா யாரும் கை காட்ட வேண்டாம். கெர்டாவும் காட்ட மாட்டா. யாரும் சாகல. யாரும் சமைக்க வேண்டாம். ஹார்லன் காதுக்கு இது போகவும் வேண்டாம்."

உள்ளூர் வானொலியிலும் தினம் காலையில் விதைவிலைக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவே இதைப் படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஊரைப் பார்க்க வேண்டுமே. மெர்ல் இரண்டு கையிலும் தபால் பையை அணைத்துக்கொண்டு நின்றார். கடைத்தெருவில் ஆண்கள் எல்லாரும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார்கள். திருமதி ஃபெல்ட்மன் தன்னை நம்பாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஒரு விவசாயி ஜூலை வெயிலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு டிராக்டரில் போனார். அது எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாலு பலகைச் சந்திப்பில் நாலு வண்டி நின்றது. யாரும் கை அசைக்கவில்லை, யாருக்கும் எப்படிக் கிளம்புவதென்று தெரியவில்லை. கெர்டா மூச்சை இழுத்துவிட்டு, தானே முதலில் வந்தவள் என்று கையேட்டின்படி கணக்குப் பண்ணி, நேராகப் போனாள்.

"நன்று," என்றார் மிஸ் கலின்ஸ்கி. அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

ஆனால் வெளிமாவட்ட லாரி ஒன்று எதிரே வந்தது. அதை ஓட்டியவன் எங்கள் வானொலியைக் கேட்டிருக்கவில்லை, விரலைத் தூக்கினான். கெர்டாவின் விரலும் எழும்பிவிட்டது. ஒரு கோடு. இரண்டு மைல் தள்ளி வரப்போரமாக ஆளில்லாமல் நின்ற டிராக்டருக்கு ஒரு தடவை தூக்கினாள். இரண்டு கோடு. அதன்பிறகு அவள் கழுத்து வியர்ப்பது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. இன்னும் ஐந்து மைல். கடவுளே, இன்னொரு மாடு கண்ணில் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் சாலைகள் நேராகக் கிடக்கும். எதிரே வருகிற வண்டியின் புழுதி ஒரு மைலுக்கு முன்பே தெரிந்துவிடும். அப்படி ஒரு புழுதி தெரிந்தது. கொஞ்சம் நெருங்கியதும் அதற்குள்ளிருந்து பச்சை நிறப் பழைய பிக்கப் வண்டி வெளியே வந்தது.

"அப்பா," என்றாள் கெர்டா.

மருத்துவமனையில் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். டெனீஸ் ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் ஹார்லன். அவருக்கு ஒன்றும் தெரியாது. பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங்கூட இல்லாத மனுஷன், மஞ்சள் பலகையைப் பார்த்ததும், டாஷ்போர்டுமேல் வைத்திருந்த கையிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். தூக்கியவர் இறக்கவில்லை. பக்கத்தில் டெனீஸ் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையாட்டுவது தெரிந்தது. இந்த ஒருவருக்கு விரல் தூக்காமல் போனால் அவள் கெர்டா இல்லை. தூக்கினால் ஏழு பூனை.

கெர்டா வலப்பக்க விளக்கைப் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தாள். மெல்ல வேகத்தைக் குறைத்துச் சாலையோரம் ஒதுங்கினாள். நிறுத்தினாள், கியரை மாற்றினாள், கை பிரேக்கை இழுத்தாள், நாலு விளக்கையும் மினுக்கவிட்டாள். எல்லாம் கையேட்டில் இருக்கிற வரிசைப்படி. அப்புறம் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இரண்டு கையாலும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

பிக்கப் எங்களைத் தாண்டிப்போய் நின்று, பின்பக்கமாகவே நகர்ந்து எங்கள் பக்கத்தில் வந்தது. ஹார்லன் தலையை நீட்டினார்.

"என்னடி ஆச்சு? டயர் போயிடுச்சா?"

"ஒண்ணும் இல்லப்பா. கை காட்டினேன்."

"அதுக்கா வண்டிய நிறுத்தினே? ஒரு விரல் போதாதா?"

நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கெர்டா கேட்டாள், "டாக்டர் என்ன சொன்னாரு?"

ஹார்லன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இன்னும் ஒரு வருஷமாம். ஒரு வருஷம் தொடக்கூடாதாம்."

கெர்டா மிஸ் கலின்ஸ்கி பக்கம் திரும்பினாள்.

"மிஸ், மூணாவது கோடு போட்டுட்டீங்களா?"

"நிக்கிற வண்டியில கை எங்க இருந்தா எனக்கென்ன?" என்றார் மிஸ் கலின்ஸ்கி. "இன்னும் நாலு மைல் பாக்கி இருக்கு."

கெர்டா மறுபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஒரு வருஷம்தானேப்பா. இங்க வந்து ஏறு. நான் ஓட்டறேன், நீ கை காட்டு."

பெற்றோர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. அதை மிஸ் கலின்ஸ்கியே எடுத்துக் காட்டினார். ஹார்லன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டார்.

ஊருக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஆகவில்லை. எல்லாக் கைகளும் இன்னும் பாக்கெட்டுக்குள்தான் இருந்தன. ஆனால் பின் ஜன்னலில் ஹார்லன் உயிரோடு, தோள்வரைக்கும் வெளியே நீண்டு, மரத்துக்கும் மனுஷனுக்கும் கை காட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்தபிறகு யாரால் சும்மா நிற்க முடியும்? மெர்ல் தபால் பையைக் கீழே போட்டுவிட்டார். திருமதி ஃபெல்ட்மன் சுவரிலிருந்து திரும்பிக் கைக்குட்டையை ஆட்டினார். கையுறைக்காரர் இரண்டு கையுறையையும் கழற்றி வீசினார். தெரு முழுக்க கை. நானும் என் பக்க ஜன்னலை இறக்கிக் காட்டினேன்.

கெர்டாவின் பத்து விரலும் ஸ்டீயரிங்கைவிட்டு எழும்பவில்லை. கண்ணாடியில் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். மிஸ் கலின்ஸ்கி மதிப்பெண் தாளில், 'பின்கண்ணாடி பார்த்தல்: மிகச் சிறப்பு' என்று எழுதினார்.